நம்ம கோயில் அகப்பக்கம் ஏன் மாறியது? உபயக்காரர்கள் அவசியம் படிக்கவும்





பதிவு கொஞ்சம் நீளம். ஒரு டீ கலக்கி வச்சிக்கிட்டுப் படிங்க. உபயக் குடும்பங்கள் மட்டும் கடைசி வரைக்கும் படிச்சே ஆகணும்.

சில மாசமா ரெண்டு கேள்வி வந்துக்கிட்டே இருக்கு. ஒன்னு, "பழைய அகப்பக்கம் நல்லாத்தானே இருந்துச்சு, ஏன் மாத்துனீங்க?" ரெண்டாவது, "பிள்ளைங்க ஏதோ தலையில்லாத சிஸ்டம்னு பேசிக்கிறாங்களே, சாமி காரியத்துக்கு அது ஆகுமா?" இந்த ரெண்டாவது கேள்வியை ஒரு பாட்டி உண்மையாகவே கவலைப்பட்டுக் கேட்டாங்க. அவங்களுக்குப் புரியிற மாதிரி சொல்ல முடிஞ்சா எல்லாருக்கும் புரியும் என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தோம்.

நாங்கள் கம்ப்யூட்டர் படிச்சவங்க இல்லை. எஸ்பிஎம்மோட நின்னவங்க. தேயிலை ஃபேக்டரியில் சூப்பர்வைசர் வேலை, ஓய்வு நாளில் கோயில் தொண்டு. அகப்பக்கத்தைக் கட்டினது நம்ம தோட்டத்துப் பிள்ளைகள் மூணு பேர். அவங்க பக்கத்தில் உட்கார்ந்து, "இது ஏன், அது ஏன்" என்று கேட்டுக்கேட்டு ஒரு வருஷம் போயிருக்கு. அதனால் விளங்கினது இவ்வளவு.

முதல்ல பழைய கதை. பழைய பக்கத்தில் எல்லாம் ஒரே பெட்டிக்குள்ள. எழுத்து, படம், கலர், அமைப்பு எல்லாம் சேர்ந்தே இருக்கும். ஒரு திருவிழா வந்தா, அதோட தேதியையும் நேரத்தையும் முகப்பில் ஒரு தடவை எழுதணும். விழாப் பட்டியலில் இன்னொரு தடவை. புலனத்தில் அனுப்புற போஸ்டரில் ஒரு தடவை. முகநூலில் ஒரு தடவை. மண்டபத்து டிவியில் ஓடுற அறிவிப்பில் ஒரு தடவை. ஆக ஒரே விஷயம் அஞ்சு இடத்தில்.

ஒரு பங்குனி உத்திரத்துக்கு அபிஷேக நேரம் கடைசி வாரத்தில் மாறிப்போச்சு. நாலு இடத்தில் மாத்தினாங்க. விழாப் பட்டியல் மட்டும் பழைய நேரத்தோடவே நின்னுப்போச்சு. தாப்பா பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் அதைப் பார்த்துட்டு, பேரப்பிள்ளையைக் கூட்டிக்கிட்டு அந்த வளைவு ரோட்டில் ஏறி வந்தாங்க. பிள்ளை ரெண்டு தடவை வாந்தி. கோயிலுக்கு வந்து சேரும்போது அபிஷேகம் முடிஞ்சு அன்னதானப் பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தோம். அந்தத் தாத்தா ஒன்னும் திட்டலை. "பரவால்லப்பா, முகத்தைப் பார்த்தாச்சு"ன்னு மட்டும் சொன்னார். திட்டியிருந்தா எங்களுக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும்.

யார் குத்தம் என்று தேடினா ஆள் அகப்படாது. ஒரே விஷயத்தை அஞ்சு இடத்தில் எழுதி வச்சா, என்னைக்காவது ஒரு இடம் விட்டுப்போகத்தான் செய்யும். ஃபேக்டரியில் ஒரே எடையை அஞ்சு புத்தகத்தில் எழுதச் சொன்னாலும் இதே கதிதான்.

இப்ப அந்தத் "தலையில்லாத" விஷயத்துக்கு வருவோம்.

நம்ம தேயிலையையே எடுத்துக்குங்க. கொழுந்து வருது, வாட்டுறோம், உருட்டுறோம், புளிக்க விடுறோம், சூளையில் காய வைக்கிறோம், சலிச்சுத் தரம் பிரிக்கிறோம். தரம் பிரிச்ச தூள் தனித்தனியா இருப்பில் நிக்கும். அதுக்கு அப்புறம்தான் பேக்கிங். அதே தூள் டீ பேக்கிலும் போகும், அரை கிலோ பாக்கெட்டிலும் போகும், டூரிஸ்ட் வாங்குற அலங்கார டப்பாவிலும் போகும். டப்பாவோட கலரை மாத்தணும்னா தேயிலையைத் திரும்ப உருட்ட வேண்டியதில்லை. தூள் மாறினாலும் டப்பாவைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. இருப்பு வேற, பேக்கிங் வேற.

அகப்பக்கத்திலும் அதே பிரிவினைதான். விஷயத்தை எழுதி, சேமிச்சு, திருத்துற இடம் ஒன்னு. அதுக்கு உள்ளடக்க மேலாண்மை முறை என்று பேர், சுருக்கமா சிஎம்எஸ். அதைக் கண்ணுக்கு அழகா காட்டுற இடம் இன்னொன்னு. பழைய முறையில் ரெண்டும் ஒட்டிப் பிறந்த பிள்ளைங்க மாதிரி. புது முறையில் காட்டுற பக்கத்தை, அதாவது முகத்தை, கழட்டித் தனியா வச்சாச்சு. முகம் கூட இல்லாததால் "தலையில்லாத சிஎம்எஸ்" என்று வெளிநாட்டுக்காரன் பேர் வச்சுட்டான். பாட்டி பயப்பட ஒன்னுமில்லை. நம்ம கணக்குப் புத்தகத்துக்கு அட்டைப்படம் இல்லாத மாதிரிதான் அது.

இது புதுசா முளைச்ச சங்கதியும் இல்லை. உலகத்தில் அதிகமா ஓடுற வேர்ட்பிரஸ் 2003ல் வந்தது. ஒட்டினபடியே இருந்த அதுவும், 2016 கடைசியில் வந்த 4.7 பதிப்பில், உள்ளே இருக்கிற பதிவுகளை வெளியே இருக்கிற வேற மென்பொருள் கேட்டு வாங்கிக்கிற வாசலைத் திறந்து விட்டது. பெர்லினில் 2013ல் ஆரம்பிச்ச கான்டென்ட்ஃபுல், பிரான்சில் மாணவர்கள் தொடங்கின ஸ்ட்ராப்பி எல்லாம் ஆரம்பத்திலிருந்தே முகம் இல்லாமல் கட்டினவை. காட்டுற பக்கத்துக்கு ரியாக்ட், அதுமேல கட்டின நெக்ஸ்ட் ஜேஎஸ் மாதிரி சட்டகங்கள் இருக்கு. சட்டகம்னா வீட்டுக்குத் தூணும் உத்தரமும் மாதிரி. அது இருந்தா ஒவ்வொரு கதவையும் முதல்லேருந்து செதுக்க வேண்டாம். நெக்ஸ்ட் ஜேஎஸ் வெளிவந்தது 2016 அக்டோபரில். இப்படிப்பட்ட ஒரு இருப்பையும் ஒரு சட்டகத்தையும் எடுத்துத்தான் பிள்ளைங்க இணைச்சாங்க.

கண்ணால் பார்க்க ஒரு உதாரணம் வேணும்னா, தமிழ்நாட்டு இந்து சமய அறநிலையத் துறையோட கோயில் பக்கங்களைத் திறந்து பாருங்க. பழனி, மதுரை, திருச்செந்தூர், எதைத் திறந்தாலும் அமைப்பு ஒரே மாதிரி இருக்கும். பூசை நேரம், விழா, கட்டணம் மட்டும் கோயிலுக்குக் கோயில் வேற. சட்டகம் ஒன்னு, தகவல் பல. நம்மது அதோட தலைகீழ். தகவல் ஒன்னு, காட்டுற இடம் பல.

ரெண்டும் எப்படிப் பேசிக்குது? நடுவில் ஏபிஐ என்று ஒரு சன்னல் இருக்கு. ஃபேக்டரி ஸ்டோர் சன்னல் மாதிரின்னு வச்சுக்குங்க. பேக்கிங் பக்கத்திலிருந்து சீட்டு எழுதி நீட்டணும்: "வர்ற மாசத்து விழாக்கள், தேதி வரிசையில், உபயக்காரர் பேரோடு கொடு." சன்னலில் இருந்து சரக்கு வரும். சீட்டில் எழுதாதது வராது. "உபயக்காரர் பேரோடு" என்று எழுத மறந்தா விழா பேர் மட்டும் வரும், உபயம் வராது. பிள்ளைங்களுக்கு முதல் வாரம் முழுக்க இதுதான் பாடம். இன்னொன்னு, சன்னல் முதல்ல பூட்டியே இருக்கும். எந்தப் பட்டியலை யார் வாங்கலாம்னு நாமதான் ஒவ்வொன்னா அனுமதி கொடுக்கணும். கொடுக்கலைன்னா "தடை" என்று பதில் வரும். எங்களுக்கு இந்தப் பழக்கம் பிடிச்சிருந்துச்சு. பூட்டு போட்டே பிறந்த ஸ்டோர் நல்ல ஸ்டோர்.

இப்ப விழாவை ஒரே இடத்தில் எழுதுறோம். தமிழில் பேர், மலாயில் பேர், தேதி, நேரம், விவரம், படம். பொருளாளர் வீட்டில் இருந்தபடி ஹேண்ட்போனில் தட்டுவார். அது வரைவாகத்தான் நிக்கும். செயலாளர் படிச்சுப் பார்த்து "வெளியிடு" என்று அமுக்கினாத்தான் வெளியே போகும். போன உடனே அகப்பக்க முகப்பு, விழாப் பட்டியல், மண்டபத்து டிவி மூணும் அதே ஒரு பதிவிலிருந்து தானா எடுத்துக்கும். புலனத்துக்கும் முகநூலுக்கும் அந்தப் பக்கத்தோட இணைப்பை மட்டும் அனுப்புறோம்.

"போஸ்டர் ஏன் போடுறதில்லை, அழகா இருந்துச்சே"ன்னு சிலர் வருத்தப்பட்டாங்க. போஸ்டர் இன்னும் போடுறோம், ஆனா அதில் சாமி படமும் விழா பேரும் மட்டும். தேதியைப் படத்துக்குள்ள எழுதிட்டா, மாறும்போது அந்தப் பழைய படத்தை யார் யார் போனில் இருந்து அழிக்கிறது? அதுவும் இல்லாமல், கண் மங்கின பெரியவங்க போனில் எழுத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறாங்க. படத்துக்குள்ள இருக்கிற எழுத்தை எல்லாப் போனும் வாசிச்சுச் சொல்லாது.

அடுத்தது நம்ம மலை லைன் பிரச்சினை. தோட்டத்துக்குள்ள சில லயத்தில் ஒரு கோடு வந்தா பெரிசு. அதுக்கு இந்த முறை நல்லா உதவுது. பக்கத்தை யாராவது திறக்கும்போதெல்லாம் சமைக்கிறதில்லை. முன்கூட்டியே சமைச்சு, பொட்டலம் கட்டி, பயனர்களுக்குக் கிட்டத்தில் இருக்கிற கணினிகளில் அடுக்கி வச்சிடுது. திறந்தவுடனே பொட்டலம் கைக்கு வந்துடும். இருப்பு வச்சிருக்கிற கணினி ஒரு ராத்திரி படுத்துக்கிட்டாலும், கடைசியா கட்டின பொட்டலம் ஓடிக்கிட்டே இருக்கும்.

ஆனா கட்டின பொட்டலத்துக்குள்ள புதுத் தூள் தானா போகாது இல்லையா? அதுக்கு ஒரு மணி வச்சிருக்காங்க. அதுக்குப் பேர் வெப்ஹூக். செயலாளர் "வெளியிடு" அமுக்கினதும் இருப்பு அந்த மணியை அடிக்கும். சட்டகம் கேட்டு, எந்தப் பக்கம் மாறணுமோ அந்தப் பொட்டலத்தை மட்டும் திரும்பக் கட்டும். மணி அடிக்காமல் போனா பழைய பொட்டலமே நிக்கும். அதனால் வெளியிட்ட பிறகு ஒருத்தர் தன் போனில் பக்கத்தைத் திறந்து பார்த்து "சரி" என்று குழுவில் போடணும் என்று விதி வச்சிருக்கோம். மணியை மட்டும் நம்புறதில்லை.

இனி நேரக் கதை. இது எல்லாக் கோயில் நிர்வாகத்துக்கும் உதவும்.

2025 தைப்பூசம் பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. அதுக்கு முன்னாடி சோதனைக்காகப் புதுப் பக்கத்தை எங்களுக்குள்ள மட்டும் ஓட விட்டோம். மாலை கட்டுற அம்மா ஒருத்தங்க மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வாசிச்சுட்டு, "ஏம்பா, பூச அபிஷேகம் 10ஆம் தேதி ராத்திரி ஒன்பதரைக்குன்னு போட்டிருக்கே"ன்னு கேட்டாங்க. பொருளாளர் எழுதினது 11ஆம் தேதி காலை அஞ்சரை. இருப்பில் போய்ப் பார்த்தா சரியாத்தான் இருக்கு. பக்கத்தில் மட்டும் வேற.

பிள்ளைங்க ஒரு ராத்திரி முழுக்கத் தேடினாங்க. காரணம் இதுதான்: இருப்பு எல்லா நேரத்தையும் உலகப் பொது நேரத்தில் மாத்திச் சேமிக்குது. மலேசியா அதுக்கு எட்டு மணி நேரம் முன்னாடி. நம்ம காலை அஞ்சரை அங்கே முந்தின நாள் ராத்திரி ஒன்பதரை. பொட்டலம் கட்டுற கணினி எங்கேயோ இருக்கு, அதோட கடிகாரமும் பொது நேரத்தில் ஓடுது. அது தனக்குத் தெரிஞ்ச நேரத்தை எழுதி வச்சிடுச்சு. "கோலாலம்பூர் நேரத்தில் காட்டு" என்று சட்டகத்தில் ஒரு வரி சேர்த்ததும் சரியாச்சு. நேரமே தேவையில்லாத விழா நாளுக்கு, மணி இல்லாத தேதி மட்டும் சேமிக்கிற கட்டத்தை வச்சாங்க.

பெரியவங்களுக்கு இது புதுசா இருக்காது. 1982 ஜனவரி 1ல் தீபகற்பத்தில் கடிகாரத்தை அரை மணி முன்னாடி தள்ளி வச்சாங்களே, ஞாபகம் இருக்கா? அதுவரைக்கும் ஏழரை மணி வித்தியாசம், அதுக்கப்புறம்தான் எட்டு. பஞ்சாங்கத்தில் இந்திய நேரம் போட்டிருந்தா ரெண்டரை மணி நேரம் கூட்டித்தானே திதி பார்க்கிறோம்? கம்ப்யூட்டருக்கும் அதே கணக்கைச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்துச்சு.

ஒரு நாள் மாறினா என்ன பெரிசா ஆகிடும் என்று கேட்கலாம். தைப்பூசத்துக்குப் பக்கத்து பேராக்கில் பொது விடுமுறை, நம்ம பகாங்கில் கிடையாது. இங்கே வேலை செய்றவங்க முன்கூட்டியே லீவு எழுதிக் கொடுத்துத்தான் காவடிக்கு வரணும். தேதி தப்பா போனா லீவும் தப்பா போகும். நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்தவரோட லீவு அது.

இப்ப உபயக்காரர்களுக்கு வர்றோம்.

நம்ம கோயில் உபயப் புத்தகம் பழசு. முதல் பாதி கையெழுத்து. அப்புறம் கொஞ்ச வருஷம் யாரோ கம்ப்யூட்டரில் தட்டி வச்சிருக்காங்க, பழைய எழுத்துருவில். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தா வெறும் கிறுக்கல்தான். நம்ம நாட்டு முத்து நெடுமாறன் 1985லேயே முரசு அஞ்சல் செய்து தமிழைக் கணினிக்குக் கொண்டு வந்தவர். ஆனா அந்தக் காலத்தில் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு. யூனிக்கோடு பரவின பிறகுதான் ஒரு இடத்தில் தட்டின தமிழ் இன்னொரு இடத்திலும் தமிழாவே தெரியுது. அதனால் அந்தப் பழைய பக்கங்களை நம்ம தங்கச்சி ஒருத்தி உட்கார்ந்து, புத்தகத்தோடு ஒத்துப் பார்த்து, திரும்பத் தட்டினா. ஒரே குடும்பம் ஒரு பக்கத்தில் "சுப்ரமணியம்", இன்னொரு பக்கத்தில் "சுப்பிரமணியம்". வீட்டாரைக் கேட்டுக்கேட்டுச் சரி பண்ணினா. இருப்பில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு தடவைதான் இருக்கும். எந்த விழாவுக்கு உபயம்னு அங்கிருந்து முடிச்சுப் போட்டாச்சு. மொத்தம் 41 குடும்பம்.

புதுப் பக்கம் திறந்த மூணாவது நாள் கிள்ளானிலிருந்து ஒரு அக்கா போன் பண்ணினாங்க. வணக்கம் சொல்லக்கூட இல்லை. "எங்க அப்பா பேர் எங்கே?"ன்னாங்க.

அவங்க அப்பா இங்கே கொழுந்து மலையில் வேலை பார்த்தவர். ஆடி மாச உபயத்தில் ஒன்னு அவர் எடுத்தது. அவர் போன பிறகும் பிள்ளைங்க விடாமல் செய்றாங்க. வீடு இல்லை, லயமும் இப்ப இல்லை. இந்த மலையில் அவங்க குடும்பத்துக்குன்னு மிச்சம் இருக்கிறது உபயப் பட்டியலில் அந்த ஒரு வரி. "நாங்க தோட்டத்தை விட்டுப் போயிட்டோம்னு எடுத்துட்டீங்களா? வருஷா வருஷம் பேங்க்ல போட்டுக்கிட்டுத்தானே இருக்கோம்? காசு வேணும், பேர் வேணாமா?"ன்னு கேட்டு அழுதுட்டாங்க.

நாங்கள் பக்கத்தைத் திறந்தோம். உண்மைதான், பேர் இல்லை. இருப்பைத் திறந்தோம். அங்கே இருக்கு. எண்ணிப் பார்த்தோம். பக்கத்தில் 25 குடும்பம், இருப்பில் 41. அகர வரிசையில் காட்டச் சொல்லியிருந்ததால் கடைசி எழுத்துக்காரங்க 16 குடும்பமும் விழுந்துட்டாங்க. ம, ர, வ என்று ஆரம்பிக்கிற பேர்கள். அந்த அக்கா அப்பா பேர் "வ".

இதுக்குக் காரணம் ரொம்பச் சின்னது. எவ்வளவு வேணும்னு சீட்டில் எழுதலைன்னா, அந்தச் சன்னல் ஒரு நேரத்துக்கு 25 உருப்படிதான் கொடுக்கும். அதிகக் கூட்டம் வந்து கணினி திணறக் கூடாது என்று வச்சிருக்கிற இயல்பான அளவு. மிச்சம் இருக்குன்னு பதிலோடவே ஒரு எண்ணும் வருது. பக்கம் கட்டும்போது சோதனைக்குப் போட்டது 12 குடும்பம்தான், அதனால் வெளியே தெரியலை. பிழைச் செய்தி எதுவும் வராது. பக்கம் பளபளன்னு இருக்கும், 16 குடும்பம் மட்டும் இருக்காது.

அந்த அக்காகிட்ட இதையெல்லாம் போனில் சொன்னோம். நம்பலை. யார்தான் நம்புவாங்க? "கம்ப்யூட்டர் மேல பழியைப் போடுறீங்க"ன்னாங்க. அப்புறம் உபயப் புத்தகத்தைத் திறந்து அவங்க அப்பா கையெழுத்துப் போட்ட பக்கத்தைப் படம் பிடிச்சு அனுப்பினோம். ரொம்ப நேரம் பதில் இல்லை. ராத்திரி ஒரு செய்தி வந்துச்சு: "அப்பா கையெழுத்தை இப்பத்தான் பார்க்கிறேன். அவருக்குத் தமிழ் எழுதத் தெரியும்னே எங்களுக்குத் தெரியாது. தோட்டத்தில் கைநாட்டுன்னுதான் நினைச்சிருந்தோம்."

அன்னைக்கு ராத்திரியே தம்பி திருத்திட்டான். இப்ப சன்னலில் முதல் பக்கம், ரெண்டாம் பக்கம் என்று தீரும் வரைக்கும் கேட்டு வாங்குது. ஆனா எங்களுக்கு அது மட்டும் போதலை. ஃபேக்டரியில் நாங்கள் எப்படி? சுமார் நாலரை கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் வரணும். உள்ளே போனதும் வெளியே வந்ததும் ஒத்துக்கலைன்னா மெஷின் ஓட்டத்தை நிறுத்தி என்னன்னு பார்க்காமல் வீட்டுக்குப் போக மாட்டோம். அதே பழக்கத்தை இங்கேயும் வைக்கச் சொன்னோம். இப்ப பொட்டலம் கட்டும்போது இருப்பில் எத்தனை குடும்பம், பக்கத்தில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கும். ஒத்துக்கலைன்னா புதுப் பொட்டலத்தை வெளியே விடாது, பழையதே நிக்கும், பிள்ளைங்களுக்குச் செய்தி போகும். பட்டியலுக்கு அடியில் "மொத்தம் 41 உபயக் குடும்பங்கள்" என்று எழுத்திலும் போட்டாச்சு. யார் வேணும்னாலும் விரல் விட்டு எண்ணலாம்.

ஒரு சிலர் "உபயக்காரர் போன் நம்பரையும் அங்கேயே போட்டுட்டா வசதியா இருக்குமே, பக்கத்தில் காட்டாமல் மறைச்சுக்கலாமே"ன்னு சொன்னாங்க. அதுக்கு நாங்கள் ஒத்துக்கலை. பக்கத்தில் காட்டாமல் விட்டா மறைஞ்சதா அர்த்தமில்லை. சன்னலில் அனுமதி தப்பா திறந்திருந்தா, சீட்டு எழுதத் தெரிஞ்சவன் எவனும் நேரா கேட்டு வாங்கிக்குவான். அதனால் போன் நம்பர், ஐசி நம்பர், யார் எவ்வளவு கொடுத்தாங்க என்கிற கணக்கு எதுவும் அந்த இருப்பில் கிடையாது. அது பொருளாளர் அலமாரியில் இருக்கு. அங்கேயே இருக்கட்டும்.

சாவி விஷயமும் சொல்லிடுறோம். எத்தனையோ கோயில் பக்கம் பாதியில் செத்துப்போறதுக்குக் காரணம், அதைக் கட்டின பிள்ளைக்கு வேற ஊரில் வேலை கிடைச்சுப் போயிடுவான், கடவுச்சொல்லும் அவனோடவே போயிடும். நம்ம மூணு பேரில் ஒருத்தன் அடுத்த வருஷம் சிங்கப்பூர் போறதா இருக்கான். நல்லா இருக்கட்டும். அகப்பக்க முகவரியும் எல்லாக் கணக்குகளும் கோயில் பேரில், கோயில் மின்னஞ்சலில் எடுத்தாச்சு. கடவுச்சொல் மூடின உறையில் ரெண்டு நிர்வாகிகள் கையில். மாசம் ஒரு தடவை இருப்பு முழுக்க நகல் எடுத்துத் தனியா வைக்கிறோம். முகத்தை நாளைக்கு வேற சட்டகத்தில் கட்டினாலும் இருப்பு அப்படியே இருக்கும், அதுதான் இந்தப் பிரிவினையால் நமக்குப் பெரிய லாபம். உபயப் புத்தகமும் பத்திரமா இருக்கு. அதைத் தூக்கிப் போடப் போறதில்லை.

மத்த கோயில் அன்பர்கள் சிலர் "எங்களுக்கும் செஞ்சு கொடுங்க"ன்னு கேட்டாங்க. மனசில் பட்டதைச் சொல்றோம். உங்களுக்கு ஒரே ஒரு பக்கம்தான் வேணும், டிவி கிடையாது, உபயப் பட்டியல் சின்னதுன்னா இது வேண்டாம். ஒட்டின முறையே போதும், முகநூல் பக்கம் கூடப் போதும். இதில் ரெண்டு வீட்டைப் பராமரிக்கணும். இருப்பையும் புதுப்பிச்சுக்கிட்டே இருக்கணும், சட்டகத்தையும் புதுப்பிச்சுக்கிட்டே இருக்கணும். எழுதுறவருக்கு அது வெளியே எப்படித் தெரியும்னு உடனே தெரியாது. முன்னோட்டத்துக்குத் தனியா வேலை செஞ்சாத்தான் உண்டு. பார்த்துக்க ஆள் இருந்தா மட்டும் இறங்குங்க. ஒரே விஷயத்தைப் பல இடத்தில் காட்டி, ஒரு இடத்தில் மாத்த மறந்து, பக்தர்கள் அலைஞ்ச அனுபவம் உங்களுக்கும் இருந்தா யோசிக்கலாம்.

பக்தர்களுக்கு மூணு வேண்டுகோள்.

ஒன்னு, உபயக் குடும்பங்கள் பட்டியலைத் திறந்து உங்க வீட்டுப் பேர் இருக்கா, எழுத்து சரியா இருக்கா என்று பாருங்க. கண் தெரியாத பெரியவங்களுக்குப் பிள்ளைங்க வாசிச்சுக் காட்டுங்க. தப்பு இருந்தா கோயில் ஆபீசுக்குச் சொல்லுங்க. கோபமா சொன்னாலும் பரவாயில்லை, சொல்லாமல் மட்டும் இருக்காதீங்க.

ரெண்டு, விழா தேதியை யாராவது பழைய படத்தில் அனுப்பினா அதை நம்பி வண்டி எடுக்காதீங்க. இணைப்பைத் திறந்து பாருங்க. இணைப்பில் இருக்கிறதுதான் தேதி.

மூணு, உங்க வீட்டில் அப்பா, தாத்தா காலத்து உபய ரசீது, விழா நோட்டீஸ், பழைய கோயில் படம் இருந்தா ஒரு நகல் கொடுங்க. தோட்டப் பேரும் வருஷமும் தெரிஞ்சா எழுதி அனுப்புங்க. அந்தத் தங்கச்சி தட்டித் தர்றேன்னு சொல்லியிருக்கா. அந்தப் பழைய புத்தகத்தில் இன்னும் ஏழு குடும்பத்துப் பேர் இருக்கு, அவங்க இப்ப எங்கே இருக்காங்கன்னு யாருக்கும் தெரியலை. பேர்களைக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கோம். வர்ற ஞாயிறு பூசைக்கு வர்றவங்க ஒரு நிமிஷம் நின்னு வாசிச்சுட்டுப் போங்க. யாருக்காவது யாரையாவது தெரியும்.

எல்லாருக்கும் முருகன் துணை.

கோயில் தொண்டூழியர்கள், கேமரன் மலை